பட்டினியும் ஆயுளும்

(குத்துக்கல்வலசையில் நடைபெற்ற கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேச வேண்டிய விஷயம் "பட்டினியும் ஆயுளும்" என்பதாகும். இந்தத் தலைப்பைக் கேட்டவுடன், "சுயமரியாதைக்காரர்களும் விரதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து விட்டார்களே, இவர்களுக்கும் பக்தி வந்துவிட்டதோ?" என்று சிலருக்குத் தோன்றக்கூடும். அப்படி யாரும் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். சாப்பாட்டைக் குறைத்தால் ஆயுள் நீளுமா, நீளுமென்றால் எதனால் நீளுகின்றது, அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லப் போகின்றேன். நான் சொல்லுவதைக் கேட்டு, உங்கள் புத்தியைக் கொண்டு உரைத்துப் பார்த்து, சரி என்று பட்டதை மாத்திரம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். மற்றதை இங்கேயே விட்டு விடுங்கள்.

தோழர்களே! உங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு குத்துக்கல் இருக்கின்றது. கல்லுக்குப் பசி கிடையாது, மூப்பும் கிடையாது, சாவும் கிடையாது. மனிதனுக்கு இவை மூன்றும் உண்டு. இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தும், பசியில்லாத கல்லுக்குப் பொங்கல் படைப்பதும், பசியுள்ள மனிதனைப் பட்டினி கிடக்கச் சொல்லுவதும்தான் நம் நாட்டில் தர்மமாக இருந்து வருகின்றது. இதைப் பற்றி யோசிக்க ஒருவருக்கும் நேரமில்லை.

ஆயுளை நீட்டித் தருவதாகச் சொல்லும் வியாபாரம் உங்கள் பக்கத்தில் கொஞ்சமல்ல. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் பொதிகை மலை. அங்கே அகத்தியர் இன்னும் சாகாமல் உட்கார்ந்திருக்கின்றார் என்று புராணம். ஆனி ஆடியில் சாரல் விழுந்து விட்டால் குற்றாலத்தில் கூட்டம். அருவிக் கரையிலேயே காயகல்பம், லேகியம், மூலிகை வேர் என்று விற்பனை. குளித்த பசிக்கு பார்டர் புரோட்டாவும் கோழியும் தின்றுவிட்டு, வரும் வழியில் ஆயுளுக்கு ஒரு டப்பி லேகியமும் வாங்கிக் கொண்டு போகின்றவர்கள் எத்தனை பேர்! இது ஒரு பக்கம். மற்றொரு பக்கம் ஏகாதசி, கிருத்திகை, அமாவாசை, சிவராத்திரி, கந்த சஷ்டி என்று வருஷம் முழுவதும் விரதப் பட்டியல்.

இவை போதாதென்று இப்போது மூன்றாவதாக ஒன்று புறப்பட்டிருக்கின்றது. "ஏகாதசி விரதத்தின் மகிமையை ஜப்பான் தேசத்து விஞ்ஞானி கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிவிட்டார், நம் ரிஷிகளுக்கு இது அன்றைக்கே தெரியும்" என்று கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக் கொள்ளுகின்றார்கள். விஞ்ஞானத்தை நேற்று வரை மிலேச்ச வித்தை என்று சொன்னவர்கள்தான், இன்று அதன் தோளில் ஏறிக் கொண்டு வரப் பார்க்கின்றார்கள். ஆகையால் உண்மை என்ன என்பதை நாமே தெரிந்து கொள்ளுவது அவசியமாகும்.

இரண்டு எலிகள்

1935-ம் வருஷம், நம் இயக்கத்தவர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசிக் கொண்டிருந்த அதே காலத்தில், அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் கிளைவ் மெக்கே என்பவரும் அவரது துணைவர்களும் வெள்ளை எலிகளை வைத்துச் செய்த ஒரு பரீட்சையை வெளியிட்டார்கள். ஒரு கூட்டத்து எலிகளுக்கு வேண்டிய மட்டும் தீனி. மற்ற எலிகளுக்குத் தீனியின் அளவைக் குறைத்தார்கள். ஆனால் வைட்டமின், உப்புச் சத்து, புரதம் ஆகியவை குறையாமல் பார்த்துக் கொண்டார்கள். அளவு குறைந்த எலிகள் உருவத்தில் சிறுத்துத்தான் இருந்தன. ஆனால் வயிறார உண்ட எலிகள் செத்துப் போன பிறகும் அவற்றில் பல உயிரோடு ஓடிக் கொண்டிருந்தன. இந்தப் பரீட்சை அதற்குப் பிறகு ஈஸ்டிலும், புழுவிலும், ஈயிலும், சுண்டெலியிலும் பலமுறை செய்து பார்க்கப்பட்டிருக்கின்றது. எல்லாவற்றிலும் என்று சொல்ல முடியாவிட்டாலும், பெரும்பாலானவற்றில் ஆயுள் நீண்டே இருக்கின்றது.

"பார்த்தீர்களா, பட்டினி நல்லதுதானே!" என்று உடனே எவரும் எழுந்து விடக்கூடாது. இன்னொரு எலியின் கதையும் இருக்கின்றது. அது நம் மாகாணத்து எலி.

ஏறக்குறைய அதே காலத்தில் நீலகிரியில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் ஆகாரத்தைப் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தார். இன்று அய்தராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அந்தக் குன்னூர் ஆராய்ச்சிச் சாலையிலிருந்து வளர்ந்ததேயாகும். அவர் இந்தியாவில் பல பகுதி ஜனங்கள் உண்ணும் சாப்பாட்டை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்கின்ற சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் எல்லாவற்றிலும் நன்றாக வளர்ந்து முதலில் நின்றன. பெரும்பாகம் அரிசியாகவே இருந்த சென்னை மாகாணத்து ஏழையின் சாப்பாட்டைத் தின்ற எலிகள் எல்லாவற்றிலும் எடை குறைந்து, கடைசியில் நின்றன.

இந்த இரண்டு எலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்னெல் எலிக்கு அளவு குறைவு, சத்து குறையவில்லை. அது நீண்ட நாள் வாழ்ந்தது. குன்னூர் எலிக்கு வயிற்றை நிரப்ப அரிசி இருந்தது, சத்து இல்லை. அது மெலிந்து போயிற்று. ஆகவே "குறைவாகச் சாப்பிடுதல்" என்பது ஒன்று. "சத்தில்லாமல் கிடத்தல்" என்பது முற்றிலும் வேறொன்று. நான் இன்று சொல்லப் போவதற்கெல்லாம் இதுவே அஸ்திவாரமாகும்.

தலையெழுத்து எங்கே இருக்கின்றது?

அளவைக் குறைத்தால் ஆயுள் ஏன் நீள வேண்டும்? அண்டாவில் அரிசி மிச்சமாவது போல ஆயுளும் மிச்சமாகிறதா? அப்படி ஒன்றுமில்லை.

நம் உடம்பு பல லட்சம் கோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும், விரித்து நீட்டினால் சுமார் 2 மீட்டர் நீளம் வரக்கூடிய ஒரு மெல்லிய இழை சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றது. அந்த இழையில்தான் மரபணு என்று சொல்லப்படும் ஜீன்கள் இருக்கின்றன. மனிதனுக்கு இவை சுமார் 20,000. உடம்புக்கு வேண்டிய பொருள்களை எப்படிச் செய்வது என்கின்ற குறிப்பு அவற்றில் எழுதப்பட்டிருக்கின்றது.

இதைக் கேட்டவுடன் விதிக்காரன், "அப்படியானால் தலையெழுத்து உண்டு என்று விஞ்ஞானமே ஒப்புக் கொண்டு விட்டது" என்பான். அங்கேதான் அவன் ஏமாந்து போகின்றான். உங்கள் கண்ணிலுள்ள உயிரணுவிலும் ஈரலிலுள்ள உயிரணுவிலும் இருப்பது ஒரே எழுத்துத்தான். அப்படியிருக்க ஒன்று பார்ப்பதும் மற்றொன்று பித்தநீர் சுரப்பதும் எப்படி? கண் ஒரு பக்கத்தைப் படிக்கின்றது. ஈரல் வேறு பக்கத்தைப் படிக்கின்றது. எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதற்கு உடம்பில் ஓர் ஏற்பாடு இருக்கின்றது. ஆகாரம், நோய், உழைப்பு ஆகியவைகளெல்லாம் அந்த ஏற்பாட்டைத் தொட்டு மாற்றக் கூடியவை. எழுத்து அப்படியே இருக்க, படிப்பு மாறுகின்றது. பிரமன் எழுதிய தலையெழுத்தை யாராலும் மாற்ற முடியாது என்றார்கள். மரபணுவின் எழுத்தோ, எப்படிப் படிக்கப்படுவது என்பது நீங்கள் இன்று ராத்திரி என்ன சாப்பிடுகின்றீர்கள் என்பதைப் பொறுத்தும் இருக்கின்றது. விதிக்கு இதை விடப் பெரிய அடி வேறென்ன வேண்டும்?

சாப்பாடு அந்தப் படிப்பை எப்படி மாற்றுகின்றது என்று கேட்பீர்கள். உயிரணுவுக்குள் "டார்" என்று ஒரு புரதம் உண்டு. அதைக் கட்டட மேஸ்திரியாக நினைத்துக் கொள்ளுங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வண்டி வண்டியாக வந்து கொண்டிருந்தால் மேஸ்திரி என்ன சொல்லுவான்? "புதுச் சுவர் எழுப்பு, மாடி கட்டு" என்பான். இடிந்த மூலையைப் பார்க்க அவனுக்கு நேரமிருக்காது. சரக்கு வருவது குறைந்தால், புதுக் கட்டடத்தை நிறுத்தி, பழைய கல்லைப் பெயர்த்து எடுத்து, ஒழுகும் கூரையைச் சரி செய்வான். ஆகாரம் ஏராளமாக வரும்போது டார் உயிரணுவை வளரச் சொல்லுகின்றது. ஆகாரம் குறையும்போது டார் அடங்குகின்றது. உயிரணு தன்னுள் கெட்டுப் போன பொருள்களைத் தானே உடைத்துத் தின்று சுத்தம் செய்து கொள்ளுகின்றது.

இந்தச் சுத்தம் செய்யும் வேலைக்கு வேண்டிய மரபணுக்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜப்பான் தேசத்து யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஏகாதசியைப் பரீட்சை செய்யவில்லை. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டைப் பட்டினி போட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடித்தார். ஈஸ்டுக்கு வைகுண்டமும் தெரியாது, துவாதசிப் பாரணையும் தெரியாது.

இன்சுலின் கதையும் இப்படித்தான். சாப்பிட்டவுடன் இரத்தத்தில் இன்சுலின் ஏறுகின்றது. இன்சுலின் ஏறியிருக்கும் வரை, பழுது பார்க்கும் மரபணுக்களைத் திறக்கக் கூடிய ஒரு புரதம் உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே நிறுத்தி வைக்கப்படுகின்றது. இன்சுலின் இறங்கினால் அது உள்ளே போய் அந்தப் பக்கங்களைத் திறக்கின்றது. 1993-ல் அமெரிக்காவில் சிந்தியா கென்யான் என்ற அம்மையாரும் அவரது துணைவர்களும், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில் இன்சுலின் போன்ற கட்டளையை வாங்கும் ஒரே ஒரு மரபணுவைப் பலவீனப்படுத்தினார்கள். புழுவின் ஆயுள் இரட்டித்தது. பழுது பார்க்கும் பக்கங்களைத் திறக்கும் அந்த மற்றொரு மரபணுவையும் எடுத்து விட்டால் ஆயுள் நீளவில்லை. சங்கிலியில் எந்தக் கண்ணி எதை இழுக்கின்றது என்பது இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

இன்னும் ஒன்று. மரபணு இழையின் மேல் "மெத்தில்" என்ற சிறு இரசாயனத் துணுக்குகள் ஒட்டிக் கொண்டு, இந்தப் பக்கத்தைப் படிக்காதே என்று அடையாளம் வைப்பதுண்டு. வயது ஆக ஆக இந்த அடையாளங்கள் இடம் மாறி, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமலும், இருக்கக் கூடாத இடத்தில் இருந்தும் குழப்பமாகின்றன. 2017-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், நடு வயதிலிருந்து 30 சதவிகிதம் குறைத்துச் சாப்பிட்டு வந்த கிழட்டுக் குரங்குகளின் இரத்தத்தில் இந்தக் குழப்பம் குறைவாக இருந்தது. அடையாளங்களைக் கொண்டு கணக்கிட்டால் அவை தங்கள் உண்மை வயதைவிட 7 வயது இளையவையாகத் தோன்றின.

மேஸ்திரியை மருந்தால் அடக்கவும் முடியும் என்று தெரிந்திருக்கின்றது. பசிபிக் மகாசமுத்திரத்தில் ஈஸ்டர் தீவு என்று ஒரு தீவு. அந்த மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1970களில் ராபமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தவர் சுரேந்திரநாத் சேகல். அவர் பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் பிறந்து, காசி சர்வகலாசாலையில் படித்து, கானடாவில் வேலை பார்த்தவர். கம்பெனி அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டபோது அவர் அதை விட மனமில்லாமல் சரக்கைத் தம் வீட்டுக் குளிர்ப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். டார் என்ற பெயரே அந்த மருந்தை வைத்து வந்ததாகும். 2009-ல் அதைக் கிழட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் அவற்றின் ஆயுள் நீண்டது. ஆனால் அது உடம்பின் நோய் எதிர்ப்பை அடக்கக் கூடியது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்து. ஆயுளுக்கென்று யாரும் அதை வாங்கித் தின்று விடக்கூடாது. குற்றாலத்து லேகிய வியாபாரி தன் லேகியத்தால் இன்ன கெடுதி வரும் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கின்றானா?

மனிதன் விஷயம் என்ன?

எலி வாழ்ந்தால் மனிதன் வாழ்வானா என்று நீங்கள் கேட்க வேண்டும், கேட்பதுதான் பகுத்தறிவு.

குரங்குகளைப் பற்றி அமெரிக்காவில் இரண்டு இடங்களில் பல வருஷம் பரீட்சை நடந்தது. விஸ்கான்சினில் உள்ளவர்கள் 2009-ல், குறைத்துண்ட குரங்குகள் மூப்பு நோய்களால் சாவது குறைந்தது என்றார்கள். மற்றொரு இடத்தவர்கள் 2012-ல், எங்கள் குரங்குகளின் ஆயுள் நீளவில்லை என்றார்கள். பிறகு இரு சாராரும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குகளை ஒத்துப் பார்த்து, ஆகாரத்தின் தன்மையும், ஆரம்பித்த வயதும், ஒப்பிட்ட குரங்குகள் எவ்வளவு தின்றன என்பதும் வேறு வேறாக இருந்ததுதான் காரணம் என்று 2017-ல் சேர்ந்தே வெளியிட்டார்கள். இதைக் கவனியுங்கள். இரண்டு புராணக்காரர்கள் மாறுபட்டால் இரண்டு மடம் உண்டாகும். இரண்டு விஞ்ஞானிகள் மாறுபட்டால் மூன்றாவதாக ஒரு பரீட்சை உண்டாகும்.

மனிதர்களை வைத்தும் ஒரு பரீட்சை அமெரிக்காவில் நடந்தது. பருமனில்லாத 218 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியார் 2 வருஷ காலம் சாப்பாட்டை நாலில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்பது திட்டம். நடந்ததோ சுமார் 12 சதவிகிதந்தான். கூலி வாங்கிக் கொண்டு டாக்டர்கள் பக்கத்தில் இருந்தும் இவ்வளவுதான் முடிந்தது என்றால், சாப்பாட்டைக் குறைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்துக் கொள்ளுங்கள். மெத்தில் அடையாளங்களைக் கொண்டு மூப்பின் வேகத்தைக் கணக்கிடும் ஓர் அளவுகோல் இருக்கின்றது. நியூசிலாந்தில் டனேடின் என்ற ஊரில் 1972-73-ல் பிறந்த ஆயிரம் பேரைப் பல வருஷம் கவனித்து உண்டாக்கியது. அந்த அளவுகோலின்படி, குறைத்துண்டவர்களின் மூப்பு வேகம் 2 முதல் 3 சதவிகிதம் தணிந்தது என்று 2023-ல் வெளியிட்டார்கள். வேறு சில அளவுகோல்களில் மாறுதல் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே மனிதனின் ஆயுள் இதனால் இத்தனை வருஷம் நீளும் என்று சொல்லுகின்றவன் எவனாயிருந்தாலும் அவன் புளுகுகின்றான் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அன்றியும் 2024-ல் 960 சுண்டெலிகளை வைத்துச் செய்த பரீட்சையில், ஆகாரத்தை 40 சதவிகிதம் குறைத்தவை சராசரியாக 34 மாதமும், வேண்டிய மட்டும் தின்றவை 25 மாதமும் வாழ்ந்தன. ஆனால் குறைத்துத் தின்ற எலிகளுக்குள்ளேயே அதிகமாக மெலிந்து போனவை சீக்கிரம் செத்தன. எடையைக் காப்பாற்றிக் கொண்டவைதான் நெடுநாள் இருந்தன. பிறவியிலேயே வந்த மரபு வேறுபாடு ஆகாரத்தை விட அதிகமாக ஆயுளைத் தீர்மானித்தது. பட்டினிக்குப் பாட்டுப் பாடுகின்றவர்கள் இதைச் சொல்லுவதில்லை.

விரதத்தின் யோக்கியதை

இந்த உரைகல்லில் நம் விரதத்தை உரைத்துப் பாருங்கள். ஏகாதசி என்றால் சோறு கிடையாது. அதற்குப் பதில் உப்புமா, வாழைப்பழம், பால், சுண்டல்! சோற்றை விட்டுப் பலகாரத்தைப் பிடிப்பதற்குப் பெயர் விரதமாம். மறுநாள் விடிந்ததும் அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாக விருந்து. 15 நாளைக்கு ஒரு தடவை இப்படிச் செய்வதற்கும், கார்னெல் எலி தன் ஆயுள் முழுவதும் அளவாகத் தின்றதற்கும் என்ன சம்பந்தம்?

இன்னும் வேடிக்கை, யார் பட்டினி கிடப்பது, யாருக்காகக் கிடப்பது என்பதுதான். புருஷனுடைய ஆயுள் நீள வேண்டுமென்று பெண்சாதி பட்டினி கிடக்க வேண்டுமாம்! பெண்சாதியின் ஆயுளுக்காகப் புருஷன் கிடக்க வேண்டிய விரதம் எது என்று எந்தச் சாஸ்திரியையாவது கேட்டுப் பாருங்கள், பதில் வராது. விஞ்ஞானியின் கூண்டில் குறைத்துத் தின்ற எலிதான் நீண்ட நாள் வாழ்ந்தது. பக்கத்துக் கூண்டில் கொழுத்துக் கிடந்த அதன் ஜோடி வாழவில்லை.

"நம் முன்னோர்கள் விரதமிருந்து நூறு வயது வாழ்ந்தார்கள்" என்கின்றார்கள். எல்லா விரதமும் ஒழுங்காக நடந்த அந்தக் காலத்தில், அதாவது 1940களில், இந்தியருடைய சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். குழந்தைச் சாவையும் பிரசவச் சாவையும் சேர்த்த கணக்கு அது. இன்று 70-ஐ ஒட்டி இருக்கின்றது. இதை ஏற்றியது கிருத்திகையா, அம்மைப் பாலும் சுத்தத் தண்ணீரும் பிரசவ ஆஸ்பத்திரியுமா? "எங்கள் தாத்தா கூழைக் குடித்துத் தொண்ணூறு வயது இருந்தாரே" என்று ஒருவர் சொல்லலாம். இருந்திருப்பார். அதே கூழைக் குடித்து நாலு வயதில் செத்துப் போன அவருடைய தம்பியும் தங்கையும் வந்து சாட்சி சொல்ல முடியாதல்லவா?

ஏழையின் பட்டினி

தாய்மார்களே! தோழர்களே! இனி நான் சொல்லப் போவதுதான் முக்கியமானது. குறைத்துச் சாப்பிட்டால் நல்லது என்ற வார்த்தை பணக்காரன் காதில் விழுந்தால் வைத்தியம். அதுவே அதிகாரத்திலுள்ளவன் கையில் அகப்பட்டால் ஏழையின் தட்டில் மண் விழும்.

இது வெறும் பயமல்ல. 1980களில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதாரக்காரர், இந்திய ஏழைகள் உருவத்தில் சிறுத்திருந்தாலும் ஆரோக்கியமாகத்தான் இருக்கின்றார்கள், குறைந்த ஆகாரத்துக்கு அவர்கள் உடம்பு பழகிவிட்டது என்கிற மாதிரி ஒரு தத்துவத்தைக் கிளப்பினார். அதை எதிர்த்துப் பலமாக எழுதியவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூர் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்து, பின்பு அய்தராபாத்தில் அதற்கே தலைவராக இருந்தவர். சிறுத்திருப்பது ஆரோக்கியமென்றால் அது ஏழைக்கு மாத்திரம் எப்படி ஆரோக்கியமாகும், பணக்காரன் பிள்ளைக்கு ஏன் ஆகாது என்பதே அவர் கேள்வியின் கருத்து. அவர் 2019-ல் தம் 100-வது வயதில் காலமானார்.

பட்டினி உடம்பில் என்ன எழுதுகின்றது என்பதற்கு ஹாலந்து தேசத்தில் ஓர் அத்தாட்சி இருக்கின்றது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் நாஜிகள் அங்கே ஆகாரம் போகவொட்டாமல் தடுத்ததால் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது தாய் வயிற்றில் கருவாக உண்டானவர்களை 60 வருஷம் கழித்துச் சோதித்தார்கள். வளர்ச்சிக்குரிய ஒரு மரபணுவின் மேல் இருக்க வேண்டிய மெத்தில் அடையாளம், பஞ்சத்தில் அகப்படாத அவர்களுடைய சொந்தச் சகோதரர்களுக்கு இருப்பதை விடக் குறைந்திருந்தது என்று 2008-ல் வெளியாயிற்று. 2024-ல், முன்பு சொன்னேனே அந்த டனேடின் அளவுகோல், அதையே இவர்களுக்கும் வைத்துப் பார்த்தார்கள். இவர்களுக்கு மூப்பு வேகமாக நடந்து கொண்டிருந்தது. பெண்களுக்கு இன்னும் அதிகம்.

அளவுகோல் ஒன்றே. வயிறார உண்டு வந்த அமெரிக்கன் தானாக இஷ்டப்பட்டு, சத்தைக் குறைக்காமல் அளவைக் குறைத்தபோது மூப்பு மெதுவாயிற்று. தாய் பட்டினியில் கிடந்தபோது கருவிலிருந்த பிள்ளைக்கு மூப்பு விரைவாயிற்று. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

நம் நாட்டிலேயே புனாவில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்பவர் பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் 1993 முதல் கவனித்து வந்தார். அந்தக் குழந்தைகள் பிறக்கும்போது சராசரி எடை சுமார் 2.7 கிலோ; இங்கிலாந்துக் குழந்தைக்கு சுமார் 3.5 கிலோ. ஆனால் எடை குறைந்த நம் குழந்தையின் உடம்பில் சதை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. கருவில் பட்டினி கண்ட உடம்பு, கிடைத்ததைப் பதுக்கி வைக்கப் பழகிக் கொள்ளுகின்றது. பிறகு புரோட்டாவும் சர்க்கரையும் கண்டால் நீரிழிவில் போய் விழுகின்றது. 2023-ல் வெளியான கணக்கின்படி இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் 10 கோடிக்கு மேல்.

தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு மேல் இரத்த சோகை. ஏன்? வீட்டில் ஆண் முதலில் உண்ண வேண்டும், பிள்ளைகள் அடுத்து, அடியில் ஒட்டியது பெண்ணுக்கு. அதிலும் செவ்வாய் வெள்ளி விரதம். இவளைப் பார்த்து "குறைத்துச் சாப்பிட்டால் ஆயுள் நீளும்" என்று சொல்லுவது விஞ்ஞானமா, அயோக்கியத்தனமா என்று கேட்கின்றேன்.

செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே! உட்கார்ந்த வேலை பார்த்து, மூன்று வேளையும் சோற்றைக் குவித்து, ராத்திரி பத்து மணிக்குப் புரோட்டா தின்று, வயிறு முன்னே போக நாம் பின்னே போகின்றவர்களாயிருந்தால், அளவைக் குறையுங்கள். சோற்றைக் குறைத்து, பருப்பு, கீரை, முட்டை, மீன் ஆகியவைகளைச் சேருங்கள். அதற்கு நாளும் பார்க்க வேண்டாம், நட்சத்திரமும் பார்க்க வேண்டாம், தட்சணையும் கொடுக்க வேண்டாம். நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுகின்றவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம். மயங்கி விழுந்தால் எந்தச் சாமியும் தூக்கி விடாது.

வளரும் பிள்ளைகளும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், வயலில் உழைக்கின்றவர்களும் குறைக்கக் கூடாது. நிறையச் சாப்பிட வேண்டும். 1920-ல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட ஆரம்பித்தது. 1956-ல் காமராசரும், 1982-ல் எம்.ஜி.ஆரும் மத்தியானச் சாப்பாட்டை விரிவாக்கினார்கள். 2022 செப்டம்பர் 15-ல் காலைச் சாப்பாடும் ஆரம்பிக்கப்பட்டது. இந்தச் சோற்றைத் தண்டச் செலவு என்று சொல்லுகின்றவன் இருக்கின்றான். அவனுக்கு நீங்கள் சொல்லுங்கள்: அந்தத் தட்டில் விழுவது சோறு மாத்திரமல்ல, அந்தப் பிள்ளையின் மரபணு அறுபது வயதில் எப்படிப் படிக்கப்படப் போகின்றது என்பதும் அதில் விழுகின்றது என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனவுடன், இங்கே வந்திருக்கும் ஆண்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பெண்களை முதலில் உட்கார வைத்துப் பரிமாறிப் பாருங்கள். அதற்குப் பிறகு சட்டியில் மிஞ்சியதை நீங்கள் சாப்பிடுங்கள். உங்களுக்கும் சாப்பாடு குறைந்த மாதிரி இருக்கும். அவர்களுக்கும் சத்து ஏறின மாதிரி இருக்கும். இதைவிட நல்ல விரதம் எனக்குத் தெரிந்து வேறில்லை.